படுக்கையோடு இருக்கும் வயதான நாயை யாரிடம் விட்டுப் போவது?

கொழும்பில் விசா அலுவல், யாழ்ப்பாணத்தில் கலியாணம், சென்னையில் நெருங்கிய உறவினருக்குச் சத்திரசிகிச்சை. தட்டிக்கழிக்க முடியாத பயணங்கள் இவை. திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், மறுநாள் இரவு ரயிலிலேயே திரும்பினாலும் இரண்டு இரவும் ஒரு பகலும் வீட்டில் ஆள் இருக்காது. திடமான நாய் என்றால் பக்கத்து வீட்டார் இரண்டு நேரம் சோறு வைத்தாலே சமாளித்துவிடும். பின்னங்காலை இழுத்துக்கொண்டு, கண்ணும் தெரியாமல், ஊசி மருந்தில் ஓடிக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயது நாய்க்கு அப்படி இல்லை. மாதக்கணக்காகக் காப்பாற்றி வைத்த உடம்பு அந்த இரண்டு இரவில் குலைந்துவிடும்.

ஆள் தேட முதல், ஒரு கடதாசியில் அந்த நாயின் 24 மணித்தியாலத்தையும் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. இரண்டு மூன்று நாளைக்குப் பேனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செய்யச் செய்யக் குறிக்க வேண்டும். நாள்பட்ட பராமரிப்பில் பாதி வேலை கையே தானாகச் செய்வது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி மறுபக்கம் புரட்டிவிடுவது, சாப்பிடும்போது நெஞ்சைத் தாங்கிப் பிடிப்பது, கண்பீளை துடைப்பது எல்லாம் கேட்டால் நினைவுக்கு வராது, எழுதினால்தான் தெரியும். அந்தக் கடதாசியே எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று சொல்லிவிடும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலத்தை (சிறுநீரை) அமுக்கி எடுக்க வேண்டிய நாயை, எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிறவர் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் பார்க்க முடியாது. பாசத்தைவிட, அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் இருப்பதுதான் இங்கே முக்கியம்.

பெரும்பாலும் ஒருவரால் முடியாது, இருவர் தேவைப்படும். பகலுக்கு ஓய்வுபெற்ற ஒரு அக்காவோ மாமியோ, இரவுக்கு ஏ.எல். முடித்த ஒரு தம்பி வந்து படுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் மருந்துக்குப் பொறுப்பு ஒருவர் மட்டும்தான். "நீ குடுத்திட்டாய் எண்டு நினைச்சன்" என்று ஆளுக்காள் சொல்லும் நிலைமையில்தான் மருந்து தவறும், அல்லது இரண்டு தரம் போகும். சமயக் காரணத்தால் நாயின் எச்சில் படாமல் இருக்க விரும்பும் அயலவர்கள் நம்முடைய ஒழுங்கைகளில் நிறையப் பேர். அவர்களிடம் நாயைத் தொடும் வேலையைக் கேட்காதீர்கள். வீட்டுத் திறப்பு, கரண்ட் போனால் எட்டிப் பார்ப்பது, அவசரத்துக்கு ஆட்டோ கூப்பிடுவது போன்றவற்றை மனமுவந்து செய்வார்கள், அதுவும் பெரிய உதவி. இரவு தங்குகிறவருக்குக் காசு பேசிக் கொடுங்கள். காசு வாங்கியவரிடம் "நான்கு மணிக்கு எழும்பினீர்களா?" என்று கேட்கலாம்; சும்மா உதவி செய்கிறவரிடம் கேட்க வாய் வராது.

கண் தெரியாத நாயையும், முதுமையால் புத்தி தடுமாறி இரவில் சுற்றித் திரியும் நாயையும் வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. கட்டில் எங்கே, தண்ணீர்ச் சட்டி எங்கே என்பதை மணத்தாலும் கால் பழக்கத்தாலும் வைத்திருக்கும் உயிர் அது; புது இடத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடும். வந்து தங்குகிறவர் ஒரு கதிரையைக்கூட இடம் மாற்றக் கூடாது. தொட முதல் பெயர் சொல்ல வேண்டும். காதும் கேட்காது என்றால் பக்கத்து நிலத்தைக் காலால் தட்டி அதிர்வு காட்டலாம். நாய்களை வைத்துப் பார்க்கும் இடத்தில் விட்டே ஆக வேண்டுமென்றால், "இரவில் யார் இருப்பார்? அவர் படுக்கும் இடத்துக்கு நாய் முனகும் சத்தம் கேட்குமா?" என்று கேளுங்கள். பளிச்சென்ற கூடும் படங்களும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வலியில் இருக்கும் நாய், புரட்டும்போது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பல்லு வைத்துவிடும். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அந்த அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

பார்க்க வரும் ஆளைப் பழக்குவது மூன்று கட்டம். முதல் தடவை அவர் பார்க்க வேண்டும், இரண்டாம் தடவை உங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும், மூன்றாம் தடவை நீங்கள் விறாந்தையில் இருக்க அவர் தனியே செய்ய வேண்டும். ஒரு முழு இரவும் இதில் அடங்க வேண்டும். மூன்றாம் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிழையெல்லாம் வெளிப்படுவதோ அங்கேதான்.

பின்னங்கால் செயலிழந்த நாய்க்குச் சலப்பையை அமுக்கி எடுப்பது இந்த வேலைகளிலேயே கடினமானது. அதை உங்கள் மிருக வைத்தியரே அந்த ஆளுக்கு நேரில் காட்ட வேண்டும். நாயை நிற்க வைத்து, இடுப்பின் கீழே துவாயால் தாங்கிக்கொண்டு, விலாவுக்குப் பின்னாலும் பின்னந்தொடைக்கு முன்னாலும் இருக்கும் வயிற்றை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பிடித்தால், தண்ணீர் நிறைத்த பலூன்போல ஒன்று தட்டுப்படும். அதை மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டி, சலம் ஓடி முடியும்வரை பிடித்திருக்க வேண்டும். இடித்து இடித்து அமுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. புதியவர்கள் ஏமாறுவது ஓரிடத்தில்: துணி ஈரமாக இருப்பதைப் பார்த்து "அது தானாப் போயிட்டுது" என்று விட்டுவிடுவார்கள். நிறைந்து வழியும் சலப்பைதான் அப்படிச் சொட்டும். உள்ளே தேங்கிய சலத்தில் கிருமி பிடித்து, கடும் மணமும் கலங்கலும் இரத்தமும் வரும். துணி நனைந்திருந்தாலும் கை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். நாய் துணியை நனைக்கிறது என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைப்பது இன்னொரு தவறு. சிறுநீரக நோயிலும், இருதய நோய்க்குப் புரூசமைட் (சலம் கூடுதலாகப் போகச் செய்யும் மருந்து) குடிக்கும் நாயிலும் அது உயிரையே எடுத்துவிடும்.

படுக்கைப் புண் முழங்கை, தோள், இடுப்பு எலும்பு, பின்னங்காலின் வெளிமூட்டு ஆகிய இடங்களில்தான் தொடங்கும். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். 10 சென்ரிமீற்றர் தடிப்பான இரப்பர் மெத்தை, அதன்மேல் ரெக்சின் உறை, அதன்மேல் பருத்தித் துணி. துணியை நாளுக்கு நான்கு முறை மாற்றினால், மாரியில் ஒன்று காய இரண்டு நாள் எடுக்கும் என்று பார்த்தால், பத்துப் பன்னிரண்டு துணி வேண்டும். பழைய வேட்டி, சாரம் எல்லாம் இதற்கு உதவும்.

நம்முடைய ஊர்ச் சூட்டில் புண்ணைவிட வேகமானது இலையான். ஈரமான மயிரிலும் சிறு காயத்திலும் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். போக முதலே வாலடியிலும் பின்தொடைகளிலும் மயிரைக் கட்டையாக வெட்டிவிடுங்கள். படுக்கைக்கு மேலே பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கள். இவ்வளவு மலிவான காவல் வேறில்லை. காலையும் பின்னேரமும் வாலைத் தூக்கி, கால் இடுக்கில் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். புழு கண்டால் பெற்றோல், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோகட்டும். இவையெல்லாம் தோலைப் பொசுக்கும், நக்கினால் உள்ளேயும் போகும்.

இனி மருந்து. நாள், நேரம் எழுதிய சிறு கடித உறைகளில் வேளைக்கு வேளை பிரித்து வையுங்கள். பார்க்கிறவர் வாசிக்கும் மொழியிலேயே எழுதுங்கள். பயண நாளுக்கு மேல் ஐந்து நாளுக்கு மருந்து கூடுதலாக இருக்கட்டும், ரயில் தடங்கலும் வெள்ளமும் வரும் ஊர் நம்முடையது. வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபாபிற்றோனையும், வீக்கத்துக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோனையும் சடுதியாக நிறுத்தவே கூடாது. முதலாவது நின்றால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், அதுவும் வைத்தியரின் சிட்டை இல்லாமல் பாமசியில் வாங்க முடியாத மருந்து. இருதய மருந்தான பிமொபென்டான் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னே. குளிசையை முழுச் சோற்றுக்குள் புதைக்காமல், ஒரு துண்டு வாழைப்பழத்திலோ அவித்த முட்டையிலோ வைத்துக் கொடுத்தால் உள்ளே போனது கண்ணுக்குத் தெரியும்.

இன்சுலினில் இருக்கும் நாய்க்கு இன்னும் கவனம் தேவை. நாய்களுக்கென வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனிதருக்கானது 100 அலகு. இரண்டுக்கும் ஊசிக்குழல் வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு. நாய் செத்துப்போகப் போதும். குழல் முடிந்துவிட்டது என்று அவர் பாமசிக்கு ஓடும் நிலையே வரக் கூடாது, முழுப் பெட்டியாக வாங்கி வைத்து, இழுக்க வேண்டிய கோட்டை ஒரு குழலில் நிறப் பேனையால் குறித்துக் காட்டுங்கள். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி, 12 மணித்தியால இடைவெளி. சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் வைத்தியருக்கு அழைப்பு. ஊசி மயிரில் போனதோ தோலில் போனதோ என்று சந்தேகம் வந்தால் திரும்பப் போடக் கூடாது, அடுத்த ஊசி நேரம்வரை பொறுக்க வேண்டும். தள்ளாடினால், நடுங்கினால், மயங்கினால் முரசில் (பல் ஈறில்) தேனோ குளுக்கோசோ பூசிக்கொண்டே வைத்தியரை அழைக்க வேண்டும். மருந்து பிரிட்ஜில் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கட்டும். ஐஸ் தட்டோடு ஒட்டி உறைந்தால் அதை எறிந்துவிட வேண்டியதுதான்.

வலி என்று பார்த்துப் பரிதாபப்பட்டுப் பனடோல் கொடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. பராசிற்றமோல், இபுபுரூபன், டைக்குளோபினக் எதுவும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். சொதியும் மீன்குழம்பும்கூட ஆகாது, அதிலிருக்கும் வெங்காயம் நாயின் செவ்வணுக்களைச் சிதைக்கும். முள்ளெடுத்த அவித்த மீன், கோழி, சோறு போதும். சட்டியை நெஞ்சளவுக்கு உயர்த்தி, சாப்பிட்ட பின் 15 நிமிடம் நெஞ்சு நிமிர்ந்திருக்கத் தாங்கிக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும் நாயின் வாயில் தண்ணீரைப் பீய்ச்சினால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

மே முதல் செப்ரெம்பர்வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரையும் சீற்றும் போட்ட அறையில் பகலில் விடக் கூடாது. நிலம் குளிர்ந்த அறை, மின்விசிறி, கதவு திறந்திருத்தல். கரண்ட் போனால் ஈரத் துவாயை வயிற்றுக்குக் கீழே விரிக்க வேண்டும். மேலே போர்த்தால் சூடு உள்ளேயே நிற்கும். உடம்பு கொதித்து மூச்சு இரைத்தால் குழாய்த் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் போக வேண்டும். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு நாட்களில் வெடிச் சத்தம் ஓயாது. வலிப்போ இருதய வருத்தமோ உள்ள நாய் என்றால் அந்த நாட்களில் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதை இலக்கத்தில் கொடுங்கள். நித்திரையில் நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் 30ஐத் தாண்டக் கூடாது. முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி 38 முதல் 39.2 பாகை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரு நாளுக்குள் திரும்பவும் வந்தாலோ உடனே வைத்தியர். தினமும் ஒரே நேரத்தில் வட்ஸ்அப்பில் முரசின் படம், இடுப்பின் படம், நாய் எழும்பும் சிறு காணொளி கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும்.

இரவில் எந்த மிருக வைத்தியர் தொலைபேசியை எடுப்பார், எடுக்காவிட்டால் அடுத்தவர் யார், நாயைத் தூக்கிக்கொண்டு ஏறவிடும் ஆட்டோக்காரர் யார் என்பதைப் போக முதல் அவரவரிடமே கேட்டு எழுதுங்கள். சில சாரதிகள் நாயை ஏற்ற மாட்டார்கள். வைத்தியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இந்த ஆள் என் சார்பில் கொண்டுவருவார், இவ்வளவு செலவுவரை கேட்காமல் செய்யலாம், என்னைத் தொடர்புகொள்ள முடியாமல் நாய் மீளாத வேதனையில் இருந்தால் கருணைக்கொலைக்குச் சம்மதம் அல்லது சம்மதமில்லை. எழுதக் கை நடுங்கும்தான். எழுதாவிட்டால் அந்த முடிவைப் பக்கத்து வீட்டு அக்காவின் தலையில் சுமத்துகிறோம். இறந்துவிட்டால் நம் வெயிலில் அன்றைக்கே புதைக்க வேண்டும். வளவில் எந்த இடம், கிணற்றிலிருந்து தள்ளி, ஒரு மீற்றர் ஆழம், வெட்ட யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதே கடதாசியில் சேருங்கள். மாரியில் தாழ்ந்த வளவுகளில் வெட்டும் கிடங்கில் தண்ணீர் ஊறும், மேடான இடமாகப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழியுங்கள். 15 கிலோ நாயில் ஒரு கிலோ குறைந்திருந்தால் அது பெரிய குறைவு, அடுத்த நாளே வைத்தியரிடம் போக வேண்டும். புண் வரும் இடங்களை மயிரை விலக்கிப் பாருங்கள், மீதி உறைகளை எண்ணுங்கள். பார்த்தவரிடம் எது கஷ்டமாக இருந்தது, கடதாசியில் எது விளங்கவில்லை என்று கேட்டு, அவர் சொல்லும் திருத்தங்களை அன்றைக்கே எழுதி மருந்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வயதான நாயின் அளவுகள் மாதத்துக்கு மாதம் மாறும். அடுத்த பயணத்துக்குப் பழைய கடதாசியை அப்படியே கொடுக்காமல், திகதி போட்டுப் புதிதாக எழுதிக் கொடுங்கள்.