மூன்றாவது தடவையும் மூக்குக் குப்புற

நுவரெலியாவில் நேற்று நான் பறக்கவிடும் சிறிய மாதிரி ஜெட் விமானம் மறுபடியும் மூக்கால் புல்லை உழுதது. வேடிக்கை பார்த்த பொடியன் ஒருவன், "மாமா, இதற்குச் சக்கரம் எதற்கு?" என்று கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஊர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே இறக்கை அதே எடையைத் தாங்க வேண்டுமானால், சுமார் 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் தரையிறங்க வேண்டும். இயக்க ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். தரையில் படும் அடியை வாங்கிக்கொள்வது முன்சக்கரத்தைத் தாங்கும் 4 மில்லிமீற்றர் கம்பி!

இரவு கழற்றிப் பார்த்தேன். கம்பி வளையவே இல்லை. அதைப் பிடித்திருந்த தலையில்லாத சிறு திருகு வழுக்கி, முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. உருண்டைக் கம்பியைத் திருகு கடிப்பது ஒரு புள்ளியில்தான். திருகு உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக ராவினேன். திருகு தளராமல் பிடிக்கும் பசையும் ஒரு சொட்டு விட்டேன். இப்போது அசையவில்லை. இரண்டு தடவை கம்பியைத் திட்டியது என் அவசரப் புத்தி.

பின்சக்கரக் கால்களுக்கு ஹட்டன் பெரியப்பா முழங்கால் மூட்டு செய்து தந்திருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். மேட்டில் மோதினால் சக்கரம் பின்னும் மேலுமாக விலகிக்கொள்ளும், சுருள்வில் அதை மீண்டும் இறக்கும். "தோட்டத்து லொறிக்குக்கூட நான் இவ்வளவு மினுக்கியதில்லை" என்று முணுமுணுத்தார்.

பனிமூட்டம் விலகினால் ஞாயிறு காலை பறக்கவிடுவேன். அந்தப் பொடியனும் வரட்டும்.