இரண்டரை மில்லி

பிப்ரவரி 11, செவ்வாய்
லூர்து மாதா திருநாள். 1993-லிருந்து உலக நோயாளர் தினமும் இன்றுதான். சிங்கப்பூர் ஓபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு நான் மட்டும் போய்வந்தேன். அம்மா கேட்டது ஒரு பாட்டில் தீர்த்தம். அதை மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறாள்.

பிப்ரவரி 19
நர்ஸ் வந்தாள். "பெயின் பத்துக்கு எவ்வளவு, ஆன்ட்டி?" "த்ரீ." போர்வைக்குள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் சிலுவை அச்சாகப் பதிந்திருந்தது. மார்ஃபின் சிரப்பின் மூடியை இன்னும் திறக்கவில்லை.

மார்ச் 5
திருநீற்றுப் புதன். உபவாசக் கடமை 59 வயதுவரைதான், அதுவும் நோயாளிக்குக் கிடையாது. 74 வயசுக்காரி கஞ்சியைத் தள்ளி வைக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி
இன்று கத்திவிட்டேன். "வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்டி. கொடுத்ததைத் திருப்பி வாங்குவாங்களா?" என்கிறாள். கொலோசெயர் 1:24 அவளுக்கு மனப்பாடம்: கிறிஸ்து பட்ட பாட்டில் குறைவாயிருப்பதை என் உடலில் நிறைவாக்குகிறேன் என்று பவுல் எழுதியது. அதே பவுல் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை மன்றாடினாரே என்றேன். "எடுக்கலையே" என்றாள். ஃபாதரைக் கூப்பிட்டேன். வலி தாங்காதவர்களுக்கு மருந்து கொடுக்கலாம் என்று பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லியாயிற்று, பாவம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். தலையாட்டிக் கேட்டாள். அவர் லிஃப்டில் இறங்கியதும், "போப்பாண்டவருக்கு இடுப்பெலும்பா வலிச்சுது?"

யாருக்காக இதெல்லாம் என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 15
அப்பாவுக்காகவாம். செத்தவர்கள் பாவக்கடன் தீரும்வரை வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பாராம்.

மார்ச் 16
உயிரோடு இருந்தவரை அவர் கையால் வாங்கியது போதாதா? ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 2
தூக்கமில்லை. மாற்கு 15:23: சிலுவையில் அறையுமுன் இயேசுவுக்கு, வலி மரத்துப்போக, வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசம் கொடுத்தார்கள், அவர் குடிக்கவில்லை. இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். ஆனால் யோவான் 19-இல் கடைசியில் தாகம் என்கிறார், கடற்பஞ்சில் நீட்டிய புளித்த ரசத்தைக் குடிக்கிறார். அது மருந்து இல்லைதான். இருந்தாலும் கேட்டு வாங்கிக் குடித்தாரே! காலையில் வாசித்துக் காட்டணும்.

ஏப்ரல் 3
காட்டினேன். "நல்லாப் படிக்கிற" என்றாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
அவள் படுக்கையருகிலேயே சிலுவைப் பாதை, பதினான்கு தலமும். ஐந்தாம் தலத்தில் நின்றுவிட்டேன். சீமோன் ஆசைப்பட்டா இயேசுவின் சிலுவையைத் தூக்கினான்? வயலிலிருந்து வந்தவனைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். கோபமாகத்தான் தூக்கியிருப்பான்.

இரவு 2.40. "குடு" என்றாள். சீல் உடைக்கக் கை நடுங்கியது. இரண்டரை மில்லி. கசக்குதா என்றால், கண்ணை மூடிக்கொண்டே, "உங்கப்பன் குடிச்சதைவிடவா?"

ஏப்ரல் 19
நர்ஸ் வந்தாள், நம்பர் கேட்கவில்லை. புனித சனியன்று நற்கருணை யாருக்கும் கிடையாது, சாகக்கிடப்பவர்களுக்கு மட்டும்தான். புதுநன்மைக்குப் படிக்கும்போது அம்மாதான் சொல்லித் தந்தாள். ஃபாதர் பத்து மணிக்கு நற்கருணை எடுத்து வருகிறாராம்.

மேஜைக்கு வெள்ளைத் துணி தேடணும்.