கால் கிலோ உளுந்து 2.67-ஆ, 2.68-ஆ?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு மளிகைக்கடைக்குப் பில் போடும் நிரலும், சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை எடை போட்டு வாங்கும் ஓர் இடத்துக்குக் கணக்கு நிரலும் எழுதினோம். இரண்டிலும் அதிக நாள் பிடித்தது, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எண்ணை நிறுத்தும் வேலைதான். பைத்தான் என்ற நிரல் மொழியில் அதற்கு 'ரவுண்ட்' என்று ஒரே வரி. அந்த வரி கணக்கு நோட்டோடு ஒத்துப்போகவில்லை.

கிலோ 10.70 ரிங்கிட் உளுந்தில் 250 கிராம் என்றால் கைக்கணக்கில் 2.675. அரை சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்) வந்தால் மேலே தள்ளி 2.68 என்று எழுதுவதுதான் கடை வழக்கம். பைத்தான் 2.67 தந்தது. கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் 10.70-ஐ முழுதாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் ஓடுகிறதே, அதே சங்கடம். ஆகவே கணினிக்குள் இருப்பது 2.67499999999999982 என்று தொடங்கும் எண். அது பாதியைத் தொடவே இல்லை, கீழே இறங்குவது நியாயம்தான்.

இன்னொரு வித்தியாசத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது. 1.25 டன் குலை, டன்னுக்கு 850.50 ரிங்கிட்: 1063.125. இந்த மூன்று எண்களும் இருமத்தில் பிசகில்லாமல் நிற்பவை. அப்படியும் பைத்தான் 1063.12 என்றது. சரிபாதியாக வந்தால் இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் போவது பைத்தான் 3-இன் விதி. 0.5 பூஜ்யமாகும், 1.5-உம் 2.5-உம் இரண்டாகும். நிறைய எண்களைக் கூட்டும்போது ஒரே பக்கம் சாயாமல் இருக்க அது நல்ல விதி. ஆனால் தோட்டக்காரர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து 1063.13 என்கிறார், அவருடைய ஒரு சென்னை நிரல் எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்செல் தாளில் உள்ள ரவுண்டும் 1063.13 தரும். அதே எக்செல்லின் மேக்ரோ மொழியான விபிஏ-வில் எழுதினால் 1063.12. ஒரே கோப்புக்குள் இரண்டு விதி இருப்பது தெரியாவிட்டால் தேடித் தேடி அலுத்துப்போகும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பலரும் செய்வது நூறால் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணாக்கும் 'மேத் ரவுண்ட்' போட்டு, நூறால் வகுப்பது. 2.675-க்கு அது 2.68 என்று சரியாகவே வரும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். 1.005-ஐக் கொடுத்தால் பெருக்கல் 100.49999999999999 ஆகி, விடை 1.00 ஆகிவிடும். இத்தனை தசம இலக்கம் என்று சொல்லி எண்ணை எழுதவைக்கும் 'டூஃபிக்ஸ்டு' கட்டளை அதற்கும் 1.00, 2.675-க்கு 2.67 தரும். அது திருப்பித் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். அதோடு இன்னொரு தொகையைக் கூட்டினால் கூட்டலுக்குப் பதில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். திரையில் காட்டும் கடைசி இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நாங்கள் தசமத்தையே விட்டுவிட்டோம். பணம் சென்னில், எடை மளிகைக்குக் கிராமில், குலைக்குக் கிலோவில், எல்லாம் முழு எண். கிலோ 1070 சென், 250 கிராம்: பெருக்கினால் 267500. அதோடு 500 கூட்டி, 1000-ஆல் மீதி விட்டு வகுத்தால் 268. குலைக்கும் அப்படித்தான்: 1250 கிலோவை 85050 சென்னால் பெருக்கி, 500 கூட்டி, 1000-ஆல் வகுத்தால் 106313. பாதி வந்தால் மேலே போவது அந்த 500-இல் அடங்கிவிடுகிறது. தசமம் இல்லாமல் முடியாது என்றால் பைத்தானின் டெசிமல் தொகுதியும், ஜாவாவின் பிக்டெசிமலும் உண்டு. பாதியை மேலே தள்ளும் 'ஹாஃப் அப்' முறையை நீங்களே குறிப்பிட வேண்டும். எண்ணை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுங்கள். வெறும் 2.675 என்று கொடுத்தால், டெசிமலுக்குள் போகும் முன்பே அது கெட்டுவிடும்.

அடுத்தது ஐந்து சென். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு சென் நாணயம் இல்லாமல், ரொக்க பில் அருகிலுள்ள ஐந்து சென்னுக்குப் போகிறது: 1, 2 கீழே, 3, 4 மேலே ஐந்துக்கு, 6, 7 கீழே ஐந்துக்கு, 8, 9 மேலே பத்துக்கு. மொத்தச் சென்னோடு 2 கூட்டி, ஐந்தால் மீதி விட்டு வகுத்து, ஐந்தால் பெருக்கினால் வேலை முடிந்தது. 0.05-ஐ வைத்துப் பெருக்கப் போனால் 63 தடவைக்கு 3.1500000000000004 வந்து ரசீதில் அசிங்கமாக நிற்கும்.

இதைப் பில்லின் மொத்தத்துக்கு மட்டுமே செய்ய வேண்டும். 1.03 ரிங்கிட் சாமான் மூன்று வாங்கினால் 3.09, ரொக்கத்தில் 3.10. ஒவ்வொரு வரியிலும் செய்தால் 3.15 ஆகி வாடிக்கையாளர் ஐந்து சென் இழப்பார். கூடுதலோ குறைவோ, அதை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் மாலையில் கல்லா எண்ணும்போது கணக்கு இடிக்கும். அட்டையில் கட்டுபவருக்கு 3.09-ஐயே வாங்கினோம்.

சாமான் திரும்பி வந்தால் தொகை கழித்தல் குறியோடு வரும். பைத்தானின் முழு எண் வகுத்தல் எப்போதும் கீழ்நோக்கிப் போவதால் -3 சரியாக -5 ஆகிறது. ஜாவாவில் அதே சூத்திரம் பூஜ்யம் தரும், ஏனென்றால் அங்கே வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும். குறியைத் தனியே எடுத்துவைத்து, நேர் எண்ணில் கணக்குப் போட்டு, பிறகு குறியைச் சேர்த்தால் எந்த மொழியிலும் பிசகாது.

இரண்டு முறை ரவுண்ட் செய்வதும் ஆபத்து. 1.0746-ஐ முதலில் மூன்று இலக்கமாக்கினால் 1.075, பிறகு இரண்டாக்கினால் 1.08, நேரே செய்தால் 1.07. ரப்பர் கட்டிப்பாலுக்கு உலர் ரப்பர் விழுக்காட்டைப் போட்டு விலை கணக்கிடும்போது இது அடிக்கடி நுழையும். இடைக்கணக்கை அப்படியே ஓடவிட்டு, ரசீது வரியில் ஒரே தடவை நிறுத்துங்கள்.

விதியை மாற்றிய பிறகு பழைய பில்களை நிரல் மறுபடி கணக்கிட விடாதீர்கள். அன்று அச்சாகிக் கையில் கொடுத்த தொகை எதுவோ, அதையே சென்னில் சேமித்து, மறுபிரதி கேட்டால் அதையே அச்சடிக்க வேண்டும்.