குறையுள்ள ஒரு ஒயின்

ஒயின் பரிமாறும் வேலைக்கு வந்ததும் முதலில் சொல்லித்தருவது ரசிக்க அல்ல, குறை பிடிக்க. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெடுத்துவிட்டது. நகப்பூச்சும் வினிகரும் கலந்த நெடி என்றால் ஆவியாகும் அமிலம் கூடிப்போயிற்று. குதிரை லாயம் நினைவுக்கு வந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் கைவரிசை. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "லண்டன்ல ஹோட்டல் சூப்பர்வைசர்" என்று முடித்துக்கொள்வேன். முகர்ந்து, கொப்பளித்து, வாளியில் துப்பச் சம்பளம் என்றால் சித்தப்பா நம்பமாட்டார். நம்பிவிட்டால் இன்னும் மோசம்.

இந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களைத் திணறடிக்கும் ஒயின் ஒன்று உண்டு. லெபனானின் ஷாத்தோ முசார். சொன்ன மூன்றில் கடைசி இரண்டு குறைகள் அதில் லேசாக எப்போதும் இருக்கும்.

மதியக் கூட்டம் கலைந்தபின் நடக்கும் பயிற்சிக்கு அதன் 1999ஆம் ஆண்டுச் சிவப்பை எடுத்துவைத்தேன். வடிகட்டாமல் அடைக்கும் ஒயின், வண்டல் கனமாக இருக்கும். அதனால் முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தாயிற்று. பெயரை மறைத்துத்தான் ஊற்றினேன். நிறம் ஓரத்தில் செங்கல்லாக வெளுத்திருந்தது. முதலில் அந்த நகப்பூச்சு நெடிதான் மூக்கில் ஏறியது. இத்தாலிய சகா ஒருவர் மறுபடி முகராமலே தாளில் பெருக்கல் குறி போட்டுவிட்டார். அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தோம். நெடி பின்வாங்கியிருந்தது, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், பழம்புளிப் பானையைத் திறந்தால் வருமே அந்த இனிப்புப் புளிப்பு. துவர்ப்பு நாக்கைப் பிடிக்கவில்லை. விழுங்கியபிறகும் (ஆமாம், அன்று நான் துப்பவில்லை) வெகுநேரம் வாயில் நின்றது.

பிறகுதான் கதையைச் சொன்னேன். 1930இல் காஸ்டன் ஹோஷார் தொடங்கியது. மகன் செர்ஜ் 1959இல் ஒயின் தயாரிப்பை ஏற்றார். தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில். ஆலையோ மலைத்தொடருக்கு மறுபக்கம், பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீரில். உள்நாட்டுப் போர்க்காலத்தில் திராட்சை ஏற்றிய லாரிகள் சண்டை நடக்கும் பாதைகளைக் கடந்து வரவேண்டியிருந்தது. 1976இல் ஒயினே இல்லை. 1984இல் பாதை அடைபட்டு, ஆலைக்கு வந்துசேருமுன் லாரியிலேயே திராட்சை புளித்துப் பொங்கத் தொடங்கிவிட்டது. 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் பிரிட்டிஷ் ஒயின் விமர்சகர் மைக்கேல் பிராட்பென்ட் வியந்து பாராட்டிய பிறகுதான் பிரிட்டன் இதைத் தேடி வாங்க ஆரம்பித்தது. செர்ஜ் 2014 டிசம்பரில் காலமானார். குடும்பம் இன்னும் நடத்துகிறது.

கபர்னே சோவின்யோன், சான்சோ, கரின்யான் என்ற மூன்று திராட்சைகளையும் தனித்தனியாக, இயற்கை ஈஸ்ட்டை நம்பி, சிமென்ட் தொட்டிகளில் புளிக்கவைக்கிறார்கள். ஓராண்டு ஓக் பீப்பாய், பிறகு கலவை, பிறகு பாட்டில். அறுவடைக்கு ஏழாவது ஆண்டில்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். பணத்தை அத்தனை காலம் நிலவறையில் முடக்க, பங்குதாரர்களுக்குக் காலாண்டுக் கணக்கு காட்டும் கம்பெனி துணியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்த நெடியைச் சுத்தம் பண்ணும் வழி அவர்களுக்குத் தெரியாமலில்லை. செர்ஜ் பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்தவர். வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார்.

போர்க் கதையைச் சொல்லி இந்த பாட்டிலை விற்பது மிகச் சுலபம். நான் அப்படிச் செய்வதில்லை. லாரியும் குண்டும் காதில் விழுந்தபின் யாருடைய மூக்கும் நியாயமாக வேலை செய்யாது. வினிகரைக் கொடுத்தாலும் வீரம் மணக்கும். வாடிக்கையாளரிடம் முதலில் இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன்: கொஞ்சம் நெடி இருக்கும், ஆட்டுக்கறியோடு நன்றாகப் போகும். ஒரு வாய் குடித்துப் பிடிக்காவிட்டால் வாதாடாமல் எடுத்துக்கொள்வேன். கேட்டால்தான் கதை.

பெருக்கல் குறி போட்ட சகா இன்னும் தாளை மாற்றவில்லை. அளவு தாண்டினால் குறை குறைதான் என்கிறார். அளவு எது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. அவருடைய மேசையில் யாராவது முசார் கேட்டால் மட்டும், "நீயே வந்து ஊற்று" என்று என்னைக் கூப்பிடுவார்.