பவளத்துக்கு மண் வேண்டும்

2024 மார்ச் 3, ஞாயிறு

என் செங்காது ஆமை பவளம் மீன் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னங்கால்களால் தொட்டிக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. "நோய்தான், கேக் லோக் சி கோயில் ஆமைக்குளத்தில் விட்டுவிடு" என்கிறார் அத்தை. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் குடியிருப்பவர்கள் எந்த ஆமைச் சிக்கலுக்கும் முதலில் சொல்லும் வைத்தியம் இது. அங்கே இருக்கிற கூட்டம் போதாதா?

மார்ச் 5, செவ்வாய்

மருத்துவர் பின்னங்காலுக்கு முன்னாலுள்ள குழியில் விரல் வைத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தார். ஏழு முட்டைகள்!

"ஆண் துணையே இல்லாமலா?" என்று அத்தை மூக்கில் விரல் வைத்தார். சேவல் இல்லாத கோழியும் முட்டையிடுகிறதே, செங்காது ஆமையும் அப்படித்தான். பொரிக்காது, அவ்வளவுதான். முன்பு ஆணோடு கூடிய ஆமை என்றால் விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைத்திருந்து, பிறகும் கருவுற்ற முட்டை இடும். பவளம் குட்டியாக வந்த நாளிலிருந்து தனிதான்.

மருத்துவர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும். உள்ளேயே சிக்கினால் உயிருக்கு ஆபத்து. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போடச் சொன்னார்.

மார்ச் 6, புதன்

பால்கனியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. மண்ணும் மணலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்கும் மேலே கொட்டினேன். பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம்.

மார்ச் 9, சனி

மாலையில் விட்டதும் மண்ணை மோந்து மோந்து பார்த்தது. மூலைக்குப் போய்ப் பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தோண்டத் தொடங்கியது. மண் இறுகியபோது தன் உடம்பிலிருந்தே தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டது. வாய் குறுகி, வயிறு அகன்ற குழி. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த ஒவ்வொரு முட்டையையும் பாதத்தால் தடவி ஒதுக்கியது. பிறகு மூடி, வயிற்றோட்டால் அழுத்தி மெழுகியது. அத்தை மூச்சுவிடாமல் கதவோரம் நின்றார்.

மார்ச் 10, ஞாயிறு

தோண்டினேன். நீளவாக்கில், தோல் போன்ற ஓட்டோடு ஆறு. அண்ணன் மகனுக்குப் பொரிக்க வைக்க ஆசை. கருவுற்ற முட்டையாக இருந்தால் புரட்டாமல் வைக்க வேண்டும். பொரிக்க வைக்கும் சூடு 27 டிகிரிக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஆண், 31க்கு மேலே பெண் என்று சொன்னேன். பினாங்கு வெயிலில் எல்லாம் பெண்தான் என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

ஏழாவது எங்கே?

மார்ச் 11, திங்கள்

தண்ணீரில் இட்டு, பாதியைத் தின்றும்விட்டது. இப்போது மீனும் கேட்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

அடுத்த ஈடு சில வாரங்களில் வரலாம் என்கிறார் மருத்துவர். அத்தையோ சும்மா கிடக்கிற மண்தானே என்று வெந்தயம் விதைத்திருக்கிறார்.