மகரக்கோட்டில் நிழல் பார்க்கப் போனேன்

யாழ்ப்பாணம் வந்து இரண்டு நாள். பையை இன்னும் பிரிக்கவில்லை, அந்த டக்சிக்காரனில் வந்த கோபமும் ஆறவில்லை. மகரக்கோடு என்றால், தெற்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிற கடைசிக் கோடு. அவுஸ்திரேலியாவில், றொக்ஹாம்ப்டன் ரயில் நிலையத்திலிருந்து அந்த மகரக்கோட்டுத் தூண் சில கிலோமீற்றர்தான். ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு 34 டொலர் கேட்டான். அவுஸ்திரேலிய டொலர் 200 இலங்கை ரூபாய்க்குக் கிட்ட நின்ற காலத்தில் இது பகல் கொள்ளை! திரும்பும்போது நடந்தே வந்தேன்.

செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாகத்தான் இருந்தேன். நிழலைச் சொல்லாமல் கை ஓடவில்லை.

டிசெம்பர் 22. பன்னிரண்டு அடிக்க மூன்று நான்கு நிமிடம் இருந்தது. தண்ணீர்ப் போத்தலை நிலத்தில் வைத்தேன். அதன் நிழல் அடிக்குள்ளேயே ஒளித்துக்கொண்டது. என் தோள்களின் நிழல் சப்பாத்தைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. சரியான கோடு தூணுக்குச் சற்றுத் தெற்கே; பூமியின் சாய்வு மெல்லக் குறைவதால் அது வருசத்துக்கு 15 மீற்றர் அளவில் வடக்கே நகர்ந்துகொண்டும் இருக்கிறது.

கிழக்கே பார்த்தேன். அங்கிருந்து சிலி வரை 14,000 கிலோமீற்றர் அளவுக்குப் பசிபிக் கடல்! பிறகு ஆர்ஜென்டீனா, பரகுவே, பிரேசிலில் சாவோ பவுலோ. அத்திலாந்திக் தாண்டினால் நமீபியா, பொட்ஸ்வானா, தென்னாபிரிக்கா, மொசாம்பிக், மடகஸ்கார். அதன்பின் எங்கள் இந்து சமுத்திரம், மறுபடி அவுஸ்திரேலியா. பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பென்சிலால் கீறிய கோடு இவ்வளவு பெரிது.

தூணடியிலேயே அக்கா பிறிஸ்பேனில் கட்டித் தந்த பொதியைப் பிரித்தேன். புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். மாட்டிறைச்சிக்குப் பேர்போன அந்த ஊரில், மரக்கறி மட்டும் சாப்பிடுகிற எனக்கு இது அமிர்தம். போகிறவர்கள் கட்டாயம் சாப்பாடு கொண்டு போங்கள்.

இரண்டாயிரம் வருசத்துக்கு முன் இந்த நாளில் சூரியன் மகரத்தில் நின்றதால் வந்த பெயராம். இப்போது தனுசில் நிற்கிறது, எங்களுக்கு மார்கழி.

நேற்றுக் கிணற்றடியில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.

"சித்திரையிலை எங்கடை கிணத்துக்கையும் வெயில் அடிமட்டும் இறங்குமடா. நீ பாக்கேல்லையே?" என்றா.

இத்தனை வருசம் பார்க்கவில்லை. மகரக்கோட்டில் வருசத்தில் ஒரு நாள்தான் சூரியன் உச்சிக்கு வரும். யாழ்ப்பாணத்துக்கோ இரண்டு முறை, சித்திரைப் பிறப்பையொட்டி ஒன்று, ஆவணியில் மற்றது. வருகிற ஏப்ரல் நடுவில், மதியம் 12.10 அளவில், வாளியை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறேன்.