சாவி திரும்பாத புனித வெள்ளி

புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் இருக்கும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அத்தையோடு காருக்குத் திரும்பினேன். ரிமோட்டை அழுத்தினேன், கதவு திறந்தது. சாவியைப் போட்டால் திரும்பவில்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஸ்டியரிங்கும் அசையவில்லை. என்னுடையது 2009 மாடல் ஜெர்மன் கார், பழசாக வாங்கியது.

"சாவி பேட்டரி தீர்ந்திருக்கும்மா" என்றார் அத்தை. அங்கே நிறுத்தும் கார்களுக்குக் காவல் நின்ற தம்பியும் அதையே சொன்னார். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து, புதுச் சாவிக்குப் பணம் கட்டுகிறார்கள். ரிமோட்டில் கதவு திறந்தது என்றாலே பேட்டரியில் உயிர் இருக்கிறது. அது செத்தே போனாலும் இந்த மாதிரிச் சாவிக்குத் தேவையான மின்சாரத்தை, செருகும் துளையே கொடுத்துவிடும்.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டு முற்றத்திலேயே கார் பார்க்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாவியைப் போட்டதும் கிர்ர்னு ஒரு சத்தம் வருமே, வருதா?"

"இல்ல மாமா."

"அப்ப பெரும்பாலும் சாவி மேல தப்பிருக்காது. ஸ்டியரிங் பூட்டு."

சாவியை அடையாளம் கண்டதும் இந்த மாதிரிக் கார் முதலில் ஸ்டியரிங் பூட்டைத்தான் திறக்கச் சொல்லும். ஸ்டியரிங் தண்டுக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவு மோட்டார் சுழன்று பூட்டின் நாக்கை உள்ளே இழுக்கும். நாம் கேட்கிற கிர்ர் அதுதான். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்துபோனால் நாக்கு நகராது. நகராதவரை சாவி திரும்ப அனுமதி கிடைக்காது. சத்தமும் வந்து, விளக்கும் எரிந்து, ஸ்டார்ட்டர் மட்டும் டக் டக் என்று அடித்தால் அது வேறு கதை: காரின் பெரிய பேட்டரியை அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்.

மாமா சொன்னபடி அத்தை சாவியைப் போட்டுப் போட்டு எடுக்க, நான் குனிந்து ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கத்தை ஸ்குரூடிரைவரின் ரப்பர் பிடியால் தட்டினேன். ஆறு தட்டுக்கு ஒன்றுமில்லை. ஏழாவதில் கிர்ர்! அத்தை "மாரியம்மா!" என்று கத்தியே விட்டார். "சாவியை மட்டும் உருவிடாதே, திரும்பப் பூட்டிக்கும்" என்று மாமா எச்சரித்திருந்தார். நேரே அவர் முற்றத்தில் போய்த்தான் நிறுத்தினேன். திறந்த நிலையில் கொண்டுபோனது பெரிய உதவி; பூட்டியபடியே மோட்டார் செத்திருந்தால் அந்தப் பூட்டைக் கழற்றுவது பெரும்பாடு. உண்மையில் பத்து நாளாகவே சில காலையில் இரண்டு தரம் சாவி போட வேண்டியிருந்தது. உங்கள் காரும் அப்படிச் செய்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

மாமா காருக்குள் தலையை விட்டதும், கூரையின் உட்பக்கத் துணி தொங்கி அவர் நெற்றியில் உரசியது. டர்பன் வெக்கையிலும் கடல் ஈரத்திலும் துணிக்குப் பின்னால் இருக்கும் ஃபோம் பொடிந்துவிடும். துணி தொங்காமலிருக்க நான் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டிவிட்டு, சூடு தாங்கும் பசையில் ஃபோம் வைத்த புதுத்துணி ஒட்டினால்தான் நிற்கும். பழைய பொடிமேல் என்ன பசை அடித்தாலும் வீண்.

பிறகு இடப்பக்கம் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டை அழுத்தினார். தண்ணீர் பிதுங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் ஒயர்கள் ஓடுகின்றன. கூரையில் திறக்கும் கண்ணாடியான சன்ரூஃபின் மூலையில், மழைத்தண்ணீர் வடியும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினோம். கீழே வடியவே இல்லை. எங்கள் வீட்டு மாமரத்தின் பூவும் சருகும் வடிகுழாயை அடைத்திருந்தன. புல்வெட்டி நைலான் நூலை மெதுவாக விட்டுக் குடைந்தார். கம்ப்ரெசர் காற்று அடிக்கவே கூடாதாம், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும்.

கார்ப்பெட்டைக் கொடியில் போட்டு, நாலு நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்டினோம். இப்போதும் ஏறியதும் அத்தை செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பெல்ட் போடுகிறார்.